ஆவுளியாவுக்குப் பாடிய ஒப்பாரி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறுக்கே பேசக் கூடாது: சிப்பிக்குடாவில் வலைகள் பாடியது உண்மை, அதற்கும் என் ஸ்பீக்கருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிறவன் நான். ஊரில் என் பெயரே வீடியோ ஆகிவிட்டது, பெற்றவள் வைத்த தனசேகர் ரேஷன் கார்டில் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். மாப்பிள்ளை முகத்தில் ரோஜாப்பூ அதிகமாகக் கொட்டுகிறது என்று சொல்லுங்கள், குறைத்துக்கொள்கிறேன். வலைக்குள் ஸ்பீக்கரை ஒளித்து வைத்தவன் என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

எங்கள் கடல் ஆழமில்லாத கடல். வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்புக்கு மேலே தண்ணீர் ஏறாது, அடியில் வயல் மாதிரி புல் முளைத்துக் கிடக்கும், அந்தப் புல்லை மேய வருவதுதான் ஆவுளியா. கடல்பசு என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். பசு மாதிரிதான் மேயும், குட்டியை அணைத்துப் பால் கொடுக்கும், மூச்சு வாங்க மேலே வரும், வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். செத்ததை என்ன செய்வீர்கள் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பிடித்தால் கேஸ் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வருசத்தில் சில நாள், சில வீடுகளில் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு மசாலா அரைக்கிற சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரிகளும் என்ன விசேஷம் என்று கேட்காமல் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள்.

இதை நிறுத்தத்தான் வனத்துறையிலிருந்து ரேஞ்சர் யசோதா மேடம் வந்தார். தருமபுரிப் பக்கத்துக்காரர், வேலைக்கு வந்த பிறகுதான் கடலையே பார்த்தாராம். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார், வடை மடிக்க வாகாக இருந்தது. கூட்டம் போட்டார், டீ குடித்துவிட்டு வந்தார்கள். கடைசியில், சொன்னால் கேட்காத சனம் பாடினால் கேட்கும், காட்டினால் பார்க்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். டிரோன் கேமரா வைத்திருக்கிறவன் எவன் என்று விசாரித்துக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கு வந்து, ஆவுளியாவைப் பற்றி ஒரு பாட்டு, அதற்கு ஒரு வீடியோ, பார்க்கிறவன் கண்ணில் தண்ணீர் வர வேண்டும் என்றார். கண்ணில் தண்ணீர் என்றதும் எனக்கு நாகவல்லி அத்தாச்சி ஞாபகம்தான் வந்தது.

நாகவல்லி அத்தாச்சி என் பெரியப்பா மகன் சேதுராசு அண்ணனின் பெண்டாட்டி. எங்கள் ஊரில் சாவு விழுந்தால் முதலில் அவளுக்குத்தான் ஆள் போகும், பந்தல்காரனுக்கு அப்புறம்தான். அவள் வந்து கூந்தலை அவிழ்த்துவிட்டு முதல் வரியை எடுத்தால், செத்தவனோடு பத்து வருசமாகப் பேசாதவன்கூடத் தூணைக் கட்டிக்கொண்டு அழுவான். மேடம் விஷயத்தைச் சொன்னதும் அத்தாச்சி முடியாது என்றுவிட்டாள். தனக்குத் தெரிந்தது ஒப்பாரி ஒன்றுதான், அதைச் சும்மா பாடக் கூடாது, பிணமில்லாமல் பாடினால் பாட்டு பிணம் தேடிப் புறப்பட்டுவிடும் என்றாள். மேடம் சந்தோஷமான பாட்டாகவே இருக்கட்டும் என்று கெஞ்சினார். அத்தாச்சி கடலைப் பார்த்தபடி முந்தானையைச் சுருட்டினாள்.

“இந்த ஊருல செத்த ஆவுளியாவுல ஒண்ணுக்காவது யாராச்சும் அழுதிருக்கமா, மேடம்? அதுகளுக்குப் பாடுறேன். அதுல குத்தமில்ல” என்றாள்.

என் வீட்டு உள்ளறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பதிவு செய்தோம்.

பச்சைக் கடலுக்குள்ளே – என் பொன்னே நீ
பாசிப்புல் மேய்கையிலே
மிச்சப்புல் அங்கிருக்க – என் கண்ணே நீ
மீளாமப் போனதெங்கே

என்று தொடங்கி, குட்டி பால் தேடியது, வெயில் தேடியது, அலை தேடியது என்று வளர்த்துக்கொண்டே போனாள். மேடம் கொடுத்த தண்ணீருக்கடிப் படத்தையும் என் டிரோன் படத்தையும் ஒட்டி, ஆவுளியாவை ஓர் இதயத்துக்குள் வைத்து மேலேயிருந்து ரோஜாப்பூ கொட்டவிட்டேன். மேடம் பூவை எடுக்கச் சொன்னார், பாதியை எடுத்தேன்.

பொழுது சாய்ந்ததும் மீன் ஏலக்கொட்டகைச் சுவரில் படத்தைப் போட்டோம். ஊரே வந்தது, ஊரே அழுதது. ஊர்த் தலைவர் கோட்டைச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்; சொந்தத் தம்பி செத்தபோதுகூட அந்த மனுசன் மூக்கைத்தான் சிந்தினார். அழுது முடித்துவிட்டுச் சுண்டல் தின்றார்கள், சுண்டலில் உப்புக் குறைச்சல் என்றார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள். மேடம் திருப்தியாக ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் காலையில் கோட்டைச்சாமியின் வலை பாடியது. மணலில் காயப்போட்டிருந்த வலைதான், அவர் பல் விளக்கிக்கொண்டு பக்கத்தில் போயிருக்கிறார், பச்சைக் கடலுக்குள்ளே என் பொன்னே நீ என்று அட்சரம் பிசகாமல் அத்தாச்சி குரலில் அது எடுத்திருக்கிறது, அவர் நேராக வாயில் நுரையோடு என் வீட்டுக்கு வந்து சட்டையைப் பிடித்தார். நான் போய் வலையை உதறிப் பார்த்தேன், கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்தேன், மிதவையில் காது வைத்துப் பார்த்தேன், நூல்தான் பாடியது. நான் தடவிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வைரவன் வலை எடுத்தது, அதற்குப் பக்கத்து வலை எடுத்தது, அந்த வாரம் முடிவதற்குள் கரையில் கிடந்த வலையெல்லாம் ஒன்று மாற்றி ஒன்று பாடிக்கொண்டிருந்தது, சேதுராசு அண்ணன் வலை ஒன்றைத் தவிர. எந்த வலை பாடுகிறது, ஏன் பாடுகிறது என்பது எல்லாருக்கும் முதல் நாளே விளங்கிவிட்டது. ஒருத்தரும் சொல்லிக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அரைத்த மசாலாவைப் பற்றி இனிமேல் என்ன பேச்சு.

ஆரம்பத்தில் வெட்கமாகத்தான் இருந்தது. வலையைத் தார்ப்பாயால் மூடினார்கள், வைக்கோலில் புதைத்தார்கள், எங்கள் வலையில் பழைய ரேடியோ ஒன்று மாட்டிக்கொண்டது என்று வெளியூர் வியாபாரிகளிடம் புளுகினார்கள். எல்லார் வலையும் பாடத் தொடங்கியதும் வெட்கம் போய்விட்டது, ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள். வலை பாடிக்கொண்டே கடலுக்குப் போனது, பாடிக்கொண்டே இறங்கியது, மீனுக்கு ஒப்பாரி புரியாது போல, வழக்கம்போல வந்து விழுந்தது. கைக்குழந்தைக்காரிகள் வலைக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டினார்கள், குழந்தைகள் அடித்துப் போட்டமாதிரி தூங்கின. பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன படிப்பு என்று கேட்டுவிட்டு வலை நன்றாகப் பாடுமா என்றும் கேட்டார்கள். பாடாத வலைக்காரரான சேதுராசு அண்ணனைத்தான் ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தது. ஆயுசெல்லாம் கடலுக்குப் போனவன் வலையில் ஓர் ஆவுளியாகூட விழவில்லை என்றால் ஒன்று அவன் பெரிய கள்ளன், இல்லை அவனுக்குத் தொழில் தெரியாது என்று ஏலக்கொட்டகையில் பேசிக்கொண்டார்கள். அண்ணன் பதிலுக்கு இருமினார்.

அவர் இருமுவதற்குக் காரணம் இருந்தது. நெஞ்சுக்குள் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது. அண்ணன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, ஊர் வலைகள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டீக்கடை வேலுச்சாமியின் மாமியார் தவறிய அன்றைக்குத்தான் அடுத்த சங்கதி தெரியவந்தது. அத்தாச்சி போய்க் கூந்தலை அவிழ்த்து, பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பேச்சு வருகிறது, ஏச்சு வருகிறது, பாட்டு மட்டும் இல்லை; வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, காற்றுதான் வருகிறது. பெண்கள் கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்தார்கள். வேலுச்சாமி கடையோடு கடலுக்கும் போகிறவன், பொறுமை கிடையாது, தன் வலையைத் தூக்கிக்கொண்டு வந்து பிணத்துக்குப் பக்கத்தில் போட்டான், அது பாசிப்புல் மேய்கையிலே என்று எடுத்தது, கிழவி ஜென்மத்தில் புல் மேய்ந்ததில்லை என்றாலும் எல்லாரும் நன்றாகவே அழுதார்கள். அன்றிலிருந்து சாவு வீட்டுக்கு வலை போவது வழக்கமாகிவிட்டது. சோறு கேட்காது, வெற்றிலை கேட்காது, தொண்டை கட்டாது என்று சொல்லிக்கொண்டார்கள்.

அத்தாச்சி அன்றைக்குச் சாயங்காலம் என் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை.

“என் குரல எடுத்து ஊர் வலைக்கெல்லாம் பங்கு போட்டுட்ட, தம்பி. ஊரான் வீட்டுச் சாவுக்கெல்லாம் மாரடிச்சவ நான். நாளைக்கு உங்க அண்ணனுக்கு வாயடைச்சுப்போயி நிக்கணுமா?”

படத்தை அழித்துப் பார்த்தேன், பாட்டை அழித்துப் பார்த்தேன், வலைகள் பாட்டுக்குப் பாடிக்கொண்டுதான் இருந்தன. மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் மேலிடத்துக்கு எழுதினார், பக்கத்து மாவட்டங்களிலும் இதேபோல் வலைகளைப் பாடவைக்க முடியுமா என்று மேலிடம் கேட்டது.

வழி காட்டியது வைரவன். அவன் முன்கோபி, ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வலை கடலுக்குள் வழக்கத்தைவிட உரக்கப் பாடியிருக்கிறது, இழுத்துப் பார்த்தால் உள்ளே உயிரோடு ஓர் ஆவுளியா. சிக்கின ஆவுளியா அடிக்கிற அடியில் எங்கள் வல்லம், அவ்வளவு கனமான படகு, அதுவே கவிழும். இது அடிக்கவில்லையாம், துள்ளவில்லையாம், மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி அமைதியாகப் பாட்டைக் கேட்டுக்கொண்டு இருந்ததாம். வைரவன் அதன் கண்ணைப் பார்த்தான், பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டான். கத்தியை எடுத்து வலையை அறுத்து அதை வெளியே விட்டான். வலை அந்த நிமிசமே பாட்டை நிறுத்தியது, கரையில் மீன் செதில் சீவிக்கொண்டிருந்த அத்தாச்சி வாயிலிருந்து பச்சைக் கடலுக்குள்ளே என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, சுத்தமாக வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் வலையில் கத்தி வைக்க மாட்டார்கள். வலைக்காரன் செத்தால்தான் வலையில் கத்தி படும், ஒரு முனையை அறுத்து அவன் நெஞ்சில் வைத்து அனுப்புவோம். உயிரோடு இருக்கிறவன் தன் வலையை அறுத்தால் தன் சாவைத் தானே கூப்பிட்ட மாதிரி. அதனால் வைரவன் கரைக்கு வந்ததும் அவன் பெண்டாட்டி சித்திரைவள்ளி அவனை உள்ளே விடாமல், தலையில் தண்ணீர் ஊற்றி, மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் சோறு போட்டாள்.

சேதுராசு அண்ணன் இதையெல்லாம் கட்டிலில் கிடந்தபடி கேட்டார். கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார், பிறகு இருமினார்.

“அந்த ஆவுளியா கொடுத்து வச்சதுடா, வீடியோ. அதுக்குப் பாடுன ஒப்பாரிய அதுவே கேட்டுட்டு உசுரோட போயிருச்சு. மனுசன் எவன் கேட்டான்? உங்க அத்தாச்சி எனக்கு என்ன பாடுவான்னு ஆயுசு பூரா யோசிச்சிருக்கேன். நான் கேக்கணும்டா.”

வாயைக் கழுவச் சொன்னாள் அத்தாச்சி. உயிரோடு இருக்கிறவருக்குப் பாடுவதாவது, பாடினால் எமன் நம் வீட்டு முகவரியைக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவான் என்றாள். முகவரி அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றார் அண்ணன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள், அங்கே பாத்திரங்கள் சத்தம் போட்டன.

நான் ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன். அத்தாச்சி குரல் வலை வலையாகப் பிரிந்து கிடக்கிறது, ஒவ்வொரு வலையிலும் ஆவுளியா நுழைகிற அளவுக்கு அறுத்துவிட்டால் எல்லாம் அவளிடம் திரும்பும், அண்ணனுக்கு நாள் அதிகமில்லை என்று சொன்னேன். ஒரே சலசலப்பு. ஆவுளியா வந்து விழட்டும், வைரவன் மாதிரி அறுக்கிறோம் என்றார் ஒருவர். அதற்கு ஆள் விட்டா அழைக்க முடியும். பாடாத வலைக்காரனுக்காகப் பாடுகிற வலைக்காரர்கள் எல்லாம் ஏன் சாவைக் கூப்பிட வேண்டும், அவன் பெரிய உத்தமனா என்று கோட்டைச்சாமி கேட்டார். கொட்டகைக்கு வெளியே பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள், அங்கிருந்து சித்திரைவள்ளியின் குரல் வந்தது.

“உங்க தம்பி செத்தப்ப நீங்க மூக்கத்தான் சிந்துனீங்க, தலைவரே. அழுதது நாகவல்லி அக்கா.”

கோட்டைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். மனுசன் முசுடுதான், ஆனால் முறை தெரிந்தவர். யோசித்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்: வலைக்காரன் செத்தால்தான் வலையில் கத்தி படலாம், அதில் மாற்றமில்லை. சனிக்கிழமை விசைப்படகு போகிற நாள், வல்லத்துக்காரர்களுக்குக் கடல் கிடையாது, எப்படியும் சும்மாதான் கிடப்போம். ஆகவே வருகிற சனிக்கிழமை விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை சிப்பிக்குடாவில் வலை வைத்திருக்கிற எல்லாரும் செத்தவர்கள். எல்லாரும் சரி என்றார்கள், முறைக்கு முறையும் ஆச்சு.

சனிக்கிழமை விடிந்ததும் ஆண்கள் குளித்துவிட்டு வந்து ஏலக்கொட்டகையில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தார்கள். பெண்களுக்குப் பொட்டை அழிப்பதா வேண்டாமா என்று ஒரு குழப்பம் வந்தது, ஒரு நாள் சாவுக்கு அதெல்லாம் வேண்டாம் என்று முடிவானது. வேலுச்சாமி தானும் செத்திருந்ததால் கடையை அவன் பெண்டாட்டி பார்த்துக்கொண்டாள், செத்தவர்களுக்குத் தலைமாட்டிலேயே டீ வந்தது. மேடம் போட்டோ எடுக்க வந்தார், சாவு வீடு என்று சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் வீட்டு வலையை இழுத்து வந்து, கத்தியால் நடுவில் பெரிய வாசலாக அறுத்து, முனைத்துண்டைப் புருசன் நெஞ்சில் வைத்தாள். ஒரு வலை நின்றது, அடுத்தது நின்றது, கரை கொஞ்சம் கொஞ்சமாக அமைதியாகிக்கொண்டே வந்தது. கடைசியாகக் கோட்டைச்சாமி வலை. கத்தி பட்டபோது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார், பயம்தான், பாவம்.

எத்தனையோ நாளைக்கு அப்புறம் அலைச்சத்தம் தனியாகக் கேட்டது. அத்தாச்சி வீட்டுக்குள் தொண்டையைச் செருமினாள். செத்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து, ஒருவர் பின் ஒருவராக அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள்.

அவள் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்தாள். அண்ணனும் வலைக்காரர்தான், அன்றைக்கு அவரும் செத்தவர் கணக்கு, பாடினால் குற்றமில்லை. முத்துப்பல்லக்கில் போகும் என் மன்னவரே என்று எடுத்தாள். குரல் பழைய குரல்தான். அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார். அது தலைவர் தம்பிக்குப் பாடினது, எனக்கென்று உள்ளதைப் பாடு என்றார். அவள் அவரை முறைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, யாரும் அதுவரை கேட்டிராததைப் பாடினாள்.

வல்லம் தள்ளிப் போனவரே – என் ராசா
வாடைக்குப் பயப்படாம
சொல்லொண்ணு சொன்னதில்ல – என் ராசா நான்
சுடுசோறு போடலன்னு

தாயும் குட்டியுமா வந்ததுன்னு – என் ராசா
தலைவலைய உயர்த்திவிட்டு
வாயத் தொறக்காம வந்தவரே – என் ராசா
வெறுங்கையாக் கரைசேர்ந்தீரே

வலைக்கு வந்த ஆவுளியாவை அண்ணன் வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். பாடாத வலையின் சங்கதி ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. கோட்டைச்சாமி மூக்கைச் சிந்தவில்லை, வாய்விட்டே அழுதார். அவள் பாடிக்கொண்டே போனாள், வாங்கிக்கொடுத்த வளையலைப் பாடினாள், பிறக்காத பிள்ளையைப் பாடினாள், போட்ட சண்டையையெல்லாம் பாடினாள், அண்ணன் அசையாமல், மூக்கை மேலே வைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும் அவர்தான் முதலில் பேசினார். “வெறுங்கையா வந்தேன்னு அன்னைக்கு அந்த ஏச்சு ஏசுனியேடி. உனக்கு எப்புடித் தெரியும்?”

“வலையில பாதி மென்ன புல்லு ஒட்டியிருந்துச்சு. தெரியாம என்ன” என்றாள் அத்தாச்சி.

வலைகளில் அறுத்த வாசலை எங்கள் ஆட்கள் பிறகு நைலான் நூலால் தைக்கவில்லை. பருத்தி நூலால் லேசாகத் தைத்தார்கள், மீன் போகாது, ஆவுளியா முட்டினால் விட்டுக்கொடுக்கும். மேடம் இது யார் யோசனை என்று கேட்டார். பெண்கள்தான் அறுத்தார்கள், பெண்கள்தான் தைத்தார்கள், அவர்கள் பெட்டியில் பருத்தி நூல்தான் இருந்தது.

சேதுராசு அண்ணன் ஐப்பசி மழையையும் பார்த்துவிட்டு, கார்த்திகையில் ஒரு விடிகாலையில் போனார். அவர் வலை முனையை அறுத்து நெஞ்சில் வைத்தோம். பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு, அத்தாச்சி எடுக்கட்டும் என்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர் நெற்றியில் விபூதியைச் சரிசெய்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், எடுக்கவே இல்லை. சித்திரைவள்ளி மெதுவாக அவள் தோளைத் தொட்டாள்.

“அவருக்குப் பாடியாச்சு” என்றாள் நாகவல்லி அத்தாச்சி. “கேட்டுட்டுத்தான் போறாரு.”

பெண்கள் அவிழ்த்த கூந்தலை முடிந்துகொண்டார்கள்.